தலைக்கட்டுக்கு இருபது விதை

கை முழங்கை வரை உள்ளே போனது.

அவள் சட்டென்று கையை உருவிக்கொண்டாள். கண்மாய்க் கரையில் அவளே தோண்டிய குழி அது. தோண்டும்போது ஒரு கிழங்கு வெளியே வரும் அளவுக்குத்தான் இருந்தது. நாலு நாள் மழையில் அகன்று, அடியில் தண்ணீர் சுழித்துக்கொண்டிருந்தது.

கூடையிலிருந்த மண்ணைக் கொட்டிக் காலால் மிதித்தாள்.

மண் உள்ளே போயிற்று. போன சுவடே இல்லை.

அப்போதுதான் பொழுது புலர்ந்திருந்தது. மழை விட்டிருந்தது. கண்மாய்த் தண்ணீர் கரை விளிம்புக்கு ஒரு சாண் கீழே நின்றது. மாசி மாதத்தில் கண்மாய் பெருகும் என்று யார் கண்டது? இப்போதெல்லாம் வானத்துக்கு மாதக் கணக்கே தெரிவதில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே கரை உடைந்து கீழத்தெருவில் ஆறு பேரை வாரிக்கொண்டு போனது. அதற்கப்புறம்தான் ஊர் கூடியது. கரையைப் பிடித்து நிறுத்தப் பனையை விட்டால் வேறு நாதியில்லை என்று முடிவானது. போன ஆவணியில் மேளம் கொட்டி, தலைக்கட்டுக்கு இருபது விதை கொடுத்தார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் கரையில் ஒரு பங்கு. அவளும் இருபது குழி வெட்டி, தொட்டுக் கும்பிட்டுத்தான் ஊன்றினாள்.

தென்னை வைத்தவன் தின்று சாவான், பனை வைத்தவன் பார்த்துச் சாவான் என்பார்கள். இந்த ஊருக்குப் பார்த்துக்கொண்டிருக்கவும் பொறுமை இல்லை. ஊன்றிய விதை நாலே மாதத்தில் முழ நீளத்துக்குக் கிழங்கு இறக்கிவிடும். தைப்பொங்கலுக்குப் பனங்கிழங்கு அவிக்காத வீடு உண்டா?

கிழங்கைப் பிடுங்கினால் அப்புறம் மரம் ஏது? அவள் மனசைக் கட்டித்தான் வைத்திருந்தாள். பிரசவத்துக்கு வந்திருந்த மகள் பூமயில்தான் கேட்டாள்.

"ஆத்தா, ஒரே ஒரு கெழங்கு அவிச்சுத் தாயேன். நாக்குக் கெடந்து தவிக்குது."

பிள்ளைத்தாச்சி ஆசைப்பட்டதைக் கொடுக்காவிட்டால் பிறக்கிற பிள்ளைக்குக் காதில் சீழ் வடியும். தலைப்பிரசவம் வேறு. எந்தத் தாய் மாட்டேன் என்பாள்?

ஒன்றைப் பிடுங்கினாள். பத்தொன்பது இருக்கிறதே என்று நினைத்தாள்.

மறுநாள் இரண்டு.

பொங்கல் முடிந்தபோது அவள் பங்கில் ஒன்றுகூட மிச்சமில்லை.

ஊரே நட்டிருக்கிறது, நம் இருபது போனதாலா கரை போய்விடப் போகிறது? அப்படிச் சொல்லித்தான் இத்தனை நாளும் தூங்கினாள். நேற்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

அடுத்த பங்கில் யாரோ குனிந்திருந்தார்கள்.

பக்கத்து வீட்டு இருளாயி. அவள் இடுப்பிலும் ஒரு கூடை மண்.

இருளாயி நிமிரவில்லை. "எலி வளை, மதினி. அடைச்சுட்டுப் போயிரலாம்னு வந்தேன்."

"எங்க பங்குலயும் எலிதான்," என்றாள் இவள்.

சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை.

இருளாயிக்கு அப்பால் இன்னொருத்தி. அவளுக்கு அப்பால் ஒரு கிழவர், கையில் மண்வெட்டி. அதற்கும் அப்பால், பனிமூட்டத்துக்குள், கரை நெடுகத் தலைகள். ஆளுக்கொரு கூடை. யாரும் யாரையும் பார்க்கவில்லை.

ஊரில் நூற்று முப்பது தலைக்கட்டு. யாரும் அடுத்தவர் பங்கில் கை வைக்கவில்லை. அவரவர் இருபதை மட்டும்தான் எடுத்திருக்கிறார்கள்.

ஓடிப்போய்க் கோயில் மணியை அடித்தால் கீழத்தெரு எழுந்துவிடும். பூமயிலைக் கைத்தாங்கலாக மேட்டுப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போய்விடலாம். ஆனால் மணியை அடித்தவளிடம்தானே முதலில் கேட்பார்கள், பிடுங்கியது யார் என்று? ஊரார் முகத்தில் எப்படி விழிப்பது? இன்னும் இரண்டு கூடை போட்டால் அடைந்துவிடும். போட்டுவிட்டுப் போகலாம்.

மண் எடுக்க ஊர்ப்பக்கமாகத் திரும்பினாள்.

கரையின் அடியில், தன் வீட்டுக்குப் பின்னால், பூமயில் நின்றுகொண்டிருந்தாள்.

மூன்று நாளாகக் கரண்ட் இல்லை. குழாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை. கரைச் சரிவிலிருந்து விரல் கனத்துக்கு ஓர் ஊற்று பீய்ச்சிக்கொண்டிருந்தது. பூமயில் அதில் குடத்தைப் பிடித்திருந்தாள்.

அந்த ஊற்று, இவள் பங்குக்கு நேர் கீழே.

பூமயில் அண்ணாந்து பார்த்தாள். அம்மாவைக் கண்டதும் சிரித்தாள். வீட்டுக் கொல்லையிலேயே தண்ணீர் கிடைத்துவிட்ட சந்தோஷம். ஊற்றைக் கை நீட்டிக் காட்டினாள்.

ஊற்று மணிக்கட்டு கனத்துக்குப் பருத்தது.

பிறகு நிறம் மாறியது. கரையின் செம்மண் நிறம்.

"பூமயிலு! அங்கிட்டு நிக்காதடி! ஓடுடி!"

கலுங்கு வழியே மிச்சத் தண்ணீர் விழுந்து ஓடும் இரைச்சலில் அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. கூடையை எறிந்துவிட்டுச் சரிவில் இறங்கினாள். கால் வழுக்கியது. விழுந்தாள். எழுந்தாள். மறுபடி கத்தினாள்.

கரை நெடுகக் குனிந்திருந்தவர்கள் ஒவ்வொருவராக நிமிர்ந்தார்கள்.

கீழே பூமயில் குடத்துக்குள் எட்டிப் பார்த்தாள். முகத்தைச் சுளித்தாள். ஒரு கையால் வயிற்றைத் தாங்கிக்கொண்டு, கலங்கல் தண்ணீரைத் தரையில் சாய்த்தாள்.

வெறுங்குடத்தைத் திரும்ப ஊற்றின் கீழே வைத்தாள். தெளிந்து வரட்டும் என்று காத்து நின்றாள்.