ஆதாரம் கேட்ட ஆந்தை

இருமொழிப் புலமையில் முனைவர் பட்டம் வாங்க ஆய்வேடு எழுதியிருந்தது ஒரு குயில். காக்கைக் கூட்டில் பொரிந்து வளர்ந்ததால் காக்கைமொழி அதற்குத் தண்ணீர் பட்ட பாடு. வாய்மொழித் தேர்வு பட்டப்பகலில் நடந்தது. தேர்வாளர் ஆந்தை, காக்கைமொழித் துறைக்கு இருபது வருஷமாகத் தலைவர். ஒரு காக்கையிடமும் பேசியதில்லை.

"கூட்டுல கேட்டேன், கூட்டுல பேசினேன்னு பக்கம் பக்கமா அளந்திருக்கியே, ஆதாரம் எங்கேம்மா?" என்று ஏட்டை மூடினார். மூன்று வருஷப் பாடும் போச்சே என்று குயில் மூடிய ஏட்டையே பார்த்தது.

அந்நேரம் உச்சிக்கிளையில் ஒரு காக்கை கத்தியது.

"என்ன சொல்லுது அது?" என்றார் ஆந்தை.

"'இங்கே ஒரு ஆந்தை உட்கார்ந்திருக்கு, எல்லாரும் ஓடி வாங்க'ங்குது ஐயா."

"ஆதாரம்?"

பக்கத்து மரத்துக்குப் பறந்துகொண்டே குயில் சொன்னது: "அதோ, முப்பது பேரா வந்துக்கிட்டிருக்கு ஐயா."