வாசலோடு நின்ற வண்டி

ஒரு மாதா கோயில் கொட்டகையில் இரண்டு சவவண்டிகள் இருந்தன. புதிய வண்டி மேலத்தெருக்காரர்களின் பிணங்களோடு பீடம்வரை போகும். கீழத்தெருவுக்கான பழைய வண்டி வாசலோடு நின்றுவிடும்.

அன்று காய்ச்சலில் இறந்த ஐந்து வயதுக் குழந்தையைச் சுமந்துகொண்டு பழைய வண்டி மழையில் நின்றது. தகப்பன் ஞானாதிக்கம் கோயில் நிர்வாகிகளின் காலில் விழுந்து கெஞ்சியும் யாரும் கதவைத் திறக்கவில்லை. நனைந்த பெட்டியை அப்படியே கொண்டுபோய்ப் புதைத்தார்கள்.

கொட்டகைக்குத் திரும்பிய பழைய வண்டிக்கு ஆறவே இல்லை.

"தம்பி, உள்ளே இருக்கிற ஆண்டவருக்கு உங்க தெரு மேலதான் பாசமா?"

புதிய வண்டி தயங்கித் தயங்கிச் சொன்னது.

"நான் போறப்பல்லாம் அவர் தலை வாசல் பக்கமே சாஞ்சிருக்கு அண்ணே. இறங்கி வரலாம்னா, கையிலயும் காலிலயும் ஆணி அடிச்சு வச்சிருக்காங்க."