பாப்பா சொன்ன 'நாம'

"நாளைக்கு ராட்டினப் பூங்காவுக்கு நாலு டிக்கெட் எடுத்தாச்சு!" என்றது வீட்டு வேலைகளைக் கவனிக்கும் ஏஐ உதவியாளரான வீட்டுக்குரல்.

நான்கு வயது நேயா சோபாவிலிருந்து குதித்தாள். அவள் அப்பா சேந்தன் திகைத்தான். "நாங்க மூணு பேர்தானே?"

"எதிர்வீட்டு அருளப்பன் சாரும் வர்றார். லிஃப்ட்ல பாப்பா அவர்கிட்ட, 'நாளைக்கு நாம பார்க் போறோம்'னு சொன்னத அங்க இருக்கற மைக்ல கேட்டேன். 'நாங்க'ன்னு சொல்லல. அதனால அவருக்கும் அழைப்பு அனுப்பிட்டேன்."

"ஐயோ, குழந்தை தெரியாம சொல்லியிருக்கும்!" என்றாள் அம்மா மங்கை. "அவர் யார்கிட்டயும் பேசவே மாட்டாரே."

"ரத்து செய்யவா?"

சேந்தன் பதில் சொல்வதற்குள் அழைப்பு மணி அடித்தது. மனைவி காலமானபின் தனியாகவே இருந்த அருளப்பன், புது கேன்வாஸ் ஷூவும் டை அடித்த தலையுமாக நின்றார்.

"ஷூ சரியா இருக்கான்னு போட்டுப் பார்த்தேன்" என்று வெட்கப்பட்டார். "பெரிய ராட்டினம்னா மட்டும் எனக்குக் கொஞ்சம் பயம்."

"நான் கையப் புடிச்சுக்கறேன் அங்கிள்!" என்றாள் நேயா.

மங்கை கணவனைப் பார்த்தாள். ஆண்டவன் சில அழைப்புகளைக் குழந்தைகள் வாயால்தான் அனுப்புகிறான்.

"காலையில சீக்கிரம் ரெடியாயிடுங்க சார்" என்றான் சேந்தன். "நாம ஆறு மணிக்கே கிளம்பறோம்."