இல்லாத கதவு

பெரியவர் கதவைத் தாழிட்டு, ஜன்னல் திரையையும் இழுத்துவிட்டார். ஓவியம் வரையும் அந்தப் பெண்ணின் கை தானாகத் தன் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டது.

"பயப்படாதீங்கம்மா. வெளிச்சம் பட்டா தாள் பழுத்துடும்."

துணி உறையிலிருந்து புத்தகத்தை எடுத்து மேஜையில் வைத்தார். ஒரு நிருபர் போர்முனையிலிருந்து எழுதிய செய்திகளின் தொகுப்பு. அது வெளிவந்த முப்பதாம் ஆண்டு நிறைவுக்காக அவளுடைய படங்களோடு ஐந்நூறே பிரதிகள் அச்சிட்டிருந்தார்கள், எல்லாம் எண் போட்டவை. இவரிடம் இருந்தது நாற்பத்தொன்றாவது.

ஒரு படத்தில் தவறு இருக்கிறது என்று பதிப்பகத்துக்கு எழுதியவர் இவர் ஒருவர்தான். நேரில் வந்து திருத்தித் தருகிறேன் என்று அவள் சொன்னதும் மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. வரைந்தவளே கைப்படத் திருத்திய பிரதி உலகத்தில் ஒன்றுதான் இருக்கும் அல்லவா? சேகரிப்புப் பைத்தியம் யாரை விட்டது.

அந்தப் பக்கத்தை அவரே திருப்பினார். ஒரே வீட்டில் ஆறு பேரைச் சுட்டுக் கொன்ற சம்பவம். சுட்டவன் யாரென்று தெரியாது, பார்த்த சாட்சியும் இல்லை என்றுதான் நிருபர் முடித்திருந்தார். படத்தில் வாசலை அடைத்தபடி ஒரு ஜோடி பூட்ஸ். முழங்காலோடு படம் முடிந்துவிட்டது.

"எல்லாப் படத்துலயும் முகத்தை விட்டுட்டீங்களே. வரைய சோம்பலா?" பெரியவர் சிரித்தார்.

"தெரியாத முகத்தை எப்படி சார் வரையறது? தப்பு எங்கன்னு சொல்லுங்க."

"இதோ, பின்பக்கம் ஒரு கதவு போட்டிருக்கீங்க. அந்த வீட்டுக்குப் பின்கதவே கிடையாது. வாசல்ல ஒருத்தன் நின்னாப் போதும், உள்ள இருக்கிற எலிகூடத் தப்பாது."

"நிருபர் போனப்ப வீடே தரைமட்டமா இருந்துச்சே சார். புத்தகத்துல கதவைப் பத்தி ஒரு வரிகூட இல்லையே."

பெரியவரின் சிரிப்பு மெல்ல வடிந்தது.

"வேற எங்கயாவது படிச்சிருப்பேன். நீங்க வந்த வேலையைப் பாருங்க."

அவள் பென்சிலை எடுத்தாள். ஆனால் பென்சில் கதவுப் பக்கம் போகவில்லை. பூட்ஸுக்கு நேர் மேலே, பக்கத்தின் வெள்ளை ஓரத்தில், அவரை நிமிர்ந்து நிமிர்ந்து பார்த்தபடி வரைந்தாள். நெற்றி, மூக்கு, இடது புருவத்தில் ஒரு வெட்டுத் தழும்பு.

"என் முகத்தை எதுக்கு அங்க வரையறே?" பெரியவர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்.

"அன்னிக்குக் கட்டிலுக்கு அடியிலேருந்து பூட்ஸ் மட்டுந்தான் தெரிஞ்சுது சார்."