தங்கத் தூள் திரண்ட கோடு

தைவானில், தைனான் ஆய்வுக்கூடத்தில் கண்ணாடித் துண்டு கழுவுவது என் வேலை. இரண்டு துண்டுக்கு நடுவே ஆராய்ச்சி மாணவி யோ-சென் திரவப் படிகத்தில் தங்கத் தூள் கலந்து வைப்பாள்.

“தூளுக்கு மேல்பூச்சுன்னு ஒரு சட்டை மாட்டித்தான் விடுவேன் அக்கா. சட்டை சரியில்லேன்னா ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும்.”

திங்களன்று நுண்ணோக்கியில் காட்டினாள். கட்டைவிரல் ரேகை தெரிந்தது.

“இந்தப் படிகத்துல இப்படி வரிவரியா விழறது சகஜம். உங்க விரல்னு பயந்துட்டீங்களா?” என்று சிரித்தாள்.

எழுத்துப் படிக்கும்வரை நாற்பது வருஷம் கைநாட்டுதான் வைத்தேன். என் ரேகை எனக்குத் தெரியும். சிப்பி உரிக்கிற கத்தி கிழித்த தழும்புகூட அதில் இருந்தது. ஆனால் ரேகையின் அடியில் தூள் திரண்டு, குறுக்கே ஒரு கறுப்புக் கோடு. அது என் விரலில் இல்லை.

அவள் தூளின் சட்டையை மாற்றினாள். நான் இரண்டு கையுறை போட்டுக் கழுவினேன். புதன்கிழமையும் அதே கோடு, இன்னும் தடிப்பாக.

வியாழனன்று கோட்டுக்கு மேலே ரேகையே இல்லை.

“பாதி சுத்தமாயிடுச்சு அக்கா! வாங்க, கண்ணாடி வெட்டுற மிஷின்ல பிளேடு மாத்தணும், கொஞ்சம் பிடிங்க.”

மிஷின் ஒழுங்காக ஓடட்டும் என்று அதன் தலையில் வைத்திருந்த பச்சை உறை நொறுக்குத்தீனிப் பொட்டலத்தைப் பிரித்துத் தின்றுகொண்டிருந்தாள்.

நான் கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டு எழுந்தேன்.