பதினேழாவது பெயர்

“என் பொண்ணு பேரை யார் அடிச்சது?”

பந்துகளை வலைப்பைக்குள் போட்டுக்கொண்டிருந்த விளையாட்டு டீச்சர் நிமிர்ந்து பார்த்தார். வாசலில் மூச்சிரைக்க நின்ற அம்மா, கையிலிருந்த செல்போனை நீட்டினாள்.

திரையில் பள்ளி அறிவிப்புப் பலகையின் படம். ஐந்தாம் வகுப்பு, இரண்டு நாள் முகாம், முப்பத்தோரு பெயர்கள். பதினேழாவது பெயரின் மேல் மட்டும் சிவப்பு மையில் ஒரு கோடு.

“உட்காருங்கம்மா. தண்ணி குடிக்கிறீங்களா?”

“தண்ணி வேண்டாம். பதில் வேணும்.”

அரை மணி நேரத்துக்கு முன்புவரை அவள் அச்சகத்தில் ஒரு மருந்து அட்டைக்குப் பிழை திருத்திக்கொண்டிருந்தாள். யாரோ ஒரு பிள்ளையின் அம்மா வகுப்புக் குழுவில் போட்ட படத்தைப் பார்த்ததும், பேனாவை மூடக்கூட மறந்து ஓடி வந்திருந்தாள்.

“எனக்குத் தெரியும் டீச்சர். வேர்க்கடலை ஒத்துக்காத பிள்ளையைக் கூட்டிட்டுப் போனா உங்களுக்குத் தலைவலி. ஏதாவது ஆச்சுன்னா யார் பதில் சொல்றது? அதான் சுலபமா ஒரு கோட்டை இழுத்துக் கையைக் கழுவிட்டீங்க.”

“அப்படியில்லம்மா…”

“பூசி மெழுகாதீங்க. மூணு வருஷமா இதைத்தானே பார்க்கறேன்? பிறந்தநாள்னா எல்லாரையும் கூப்பிடுவாங்க, இவளை மட்டும் மறந்துடுவாங்க. என் நாத்தனாரே, ‘ஒரு கடலைக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்’னு கேட்டவதான். உதடெல்லாம் வீங்கி, மூச்சு விட முடியாம இவ என் மடியில கிடந்தப்போ அந்த மகராசி பக்கத்துல இல்லை.”

டீச்சர் பந்துப் பையின் கயிற்றை மெதுவாக இறுக்கிக் கட்டினார்.

“முகாம் சமையல்காரரை நேர்ல போய்ப் பார்த்தேன்மா. அந்த ரெண்டு நாளும் சமையலறைக்குள்ள கடலை வாசமே வராதுன்னார். ‘அந்தம்மா ஏற்கெனவே நாலு தடவை போன் பண்ணிட்டாங்க, நீங்க அஞ்சாவது’ன்னு கும்பிடு வேற போட்டார். அவசரத்துக்குப் போடற ஊசியைப் பழகிக்க, மருந்தில்லாத பயிற்சி ஊசியை என் தொடையிலயே அழுத்திப் பார்த்தாச்சு. அங்கேயிருந்து ஆஸ்பத்திரி எட்டு நிமிஷம். ஸ்கூட்டர்ல போய்ப் பார்த்துட்டு வந்தேன்.”

அம்மாவின் குரல் கொஞ்சம் இறங்கியது.

“நான் கொடுத்த குறிப்பைப் படிச்சீங்களா?”

“நாலு பக்கமும் படிச்சேன். ‘சாப்பிடறதுக்கு முன்னாடி பக்கத்துப் பிள்ளைங்க கை கழுவினாங்களான்னு பாருங்க’ன்னு மூணு இடத்துல இருக்கு.”

அம்மாவுக்கு முகம் சிவந்தது. அடுத்தவர் எழுதியதில் ஒரு வரி இரண்டு முறை வந்தால் தூக்கத்தில்கூட அதைச் சுற்றி வட்டம் போட்டுவிடுகிறவள் அவள்.

“அவசரத்துல எழுதினது. அதை வெச்சு நான் பயந்தாங்கொள்ளின்னு நினைச்சுடாதீங்க. எனக்கு ஒரு பயமும் இல்லை. நான்தானே அனுமதிக் கடிதத்துல கையெழுத்துப் போட்டேன்? சிரிச்சுக்கிட்டே போட்டேன். ‘ஜாலியா போயிட்டு வாடி’ன்னு சொன்னேன். அவ முன்னாடி பயத்தைக் காட்டினதே கிடையாது.”

அந்தச் சிவப்புக் கோட்டைப் பார்த்த முதல் நொடியில், ‘அப்பாடா’ என்று நெஞ்சு லேசானதை அவள் சொல்லவில்லை. அதை நினைத்துத் தன்மேலேயே வந்த கோபம்தான் இங்கே இத்தனை சத்தம் போடுகிறது என்பதையும் சொல்லவில்லை.

“எல்லாம் இவ்வளவு பக்காவா செஞ்சுட்டு, எதுக்கு டீச்சர் அடிச்சீங்க? ஒரு மாசமா அவளுக்கு முகாம் பேச்சுதான். அங்க கூடாரத்துல தூங்கறதைப் பத்தி எங்கிட்ட எத்தனை கேள்வி தெரியுமா?”

“நான் அடிக்கலம்மா.”

“பின்னே? ஹெட்மாஸ்டரா? வரட்டும், அவரையும் ஒரு கை பார்க்கறேன்.”

“உங்க பொண்ணுதான் அடிச்சா.”

அம்மா செல்போன் திரையிலிருந்த கோட்டை மறுபடி பார்த்தாள்.

“காலையில வந்து, ‘மிஸ், சிவப்புப் பேனா ஒரு நிமிஷம்’னா. கொடுத்தேன். பின்னாலயே போய்ப் பார்த்தா, ஸ்டூல் மேல ஏறி நின்னு ஸ்கேல் வெச்சு நேரா கோடு போட்டுக்கிட்டிருக்கா.”

“யாராவது கிண்டல் பண்ணாங்களா?”

“இல்லை.”

“அப்ப அவளுக்குத்தான் பயம். என்கிட்ட மறைச்சுட்டா.”

“நானும் அதையேதான் கேட்டேன். ‘எனக்கென்ன மிஸ் பயம்? அட்டையில என்ன போட்டிருக்குன்னு படிக்காம ஒரு மிட்டாயைக்கூடத் தொட மாட்டேன். ஊசி எங்க போடணும்னு கேளுங்க, கண்ணை மூடிட்டுச் சொல்றேன்’னா.”

“பின்னே ஏன்?”

டீச்சர் ஒரு நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் போட்டார்.

“கையெழுத்துப் போட்டதும் குளிக்கப் போறேன்னு போய்க் குழாயைத் திறந்துவிட்டீங்களாமே. ரொம்ப நேரம் கழிச்சு வெளியே வந்தப்போ முகம் மட்டும்தான் நனைஞ்சிருந்துச்சாம்.”

அம்மா உட்கார்ந்தாள்.

“‘அம்மாகிட்ட இதெல்லாம் சொல்லாதீங்க மிஸ், பாவம்’னு சொல்லிட்டுத்தான் வகுப்புக்குப் போனா. பாதி வழியில திரும்பி வந்து, பெரிய மனுஷி மாதிரி எனக்கே ஆறுதல் சொல்றா: ‘நான் பழகிட்டேன் மிஸ். அம்மாதான் இன்னும் பழகலை. அடுத்த வருஷத்துக்குள்ள எப்படியாவது பழக்கிடறேன்.’”