மரை பிழை

"'உங்கட படத்தில என்ட புள்ளைக்கு நாலு கண்ணு தெரியுது, அக்கா.' மூஞ்சிக்கு நேர இப்படிச் சொல்லிப்போட்டுப் போறாள் புஸ்பம்! நீங்க பக்கத்தில மரம் மாதிரி நிண்டீங்க!"

காத்தான்குடியில் ஹமீட்டின் கெமராச் சாமான் கடைக்குள் கால் வைக்கும்போதும் அன்னப்பூரணி சண்டையை விடவில்லை.

"நான் சொன்னன்தானே, என்ட கை நடுக்கத்தால வந்ததெண்டு," என்றார் கணவர் வினாயகமூர்த்தி.

"கை உங்கட. கெமரா ஆருட? மகன் லண்டனில இருந்து எனக்கெண்டு அனுப்பினது. ஊருக்குள்ள பேர் கெட்டது எனக்கு."

ஊர் தன்னாமுனை. அவர்களுடைய ஒழுங்கையில் கெமரா இருக்கிற ஒரே வீடு அன்னப்பூரணியுடையது. வயதுக்கு வந்த மகளை ஆமிச் செக்பொயின்ட் தாண்டி டவுன் ஸ்டூடியோவுக்குக் கூட்டிப்போக அதே ஒழுங்கைப் புஸ்பத்துக்குப் பயம். யாருக்குத்தான் பயமில்லை? மகளுக்குப் பேசியிருக்கிற மாப்பிள்ளை சுவிஸில். அவருடைய பெரியப்பா மகன் ஊருக்கு வந்திருக்கிறார், வெள்ளிக்கிழமை திரும்புகிறார். அவர் கையில் ஒரு தெளிவான படம் போகாவிட்டால் சம்பந்தம் வேறு வீட்டுக்குப் போய்விடும்.

முதல் ஃபிலிம் றோலைக் கணவனும் மனைவியுமாகத்தான் எடுத்தார்கள், யார் எத்தனை என்று எண்ணவில்லை. கழுவி வந்தபோது இரண்டே படம் தெளிவு. அந்த இரண்டிலும் பெண் கண்ணை மூடியிருந்தாள். மற்றதெல்லாம் கலங்கல்.

தெளிவான இரண்டும் தான் எடுத்தவை என்பதில் அன்னப்பூரணிக்குச் சந்தேகமே இல்லை. கொன்வென்டில் மதரிடம் பூவேலை பழகிய கை அது. கலங்கல் முழுவதும் தன்னுடையது என்று கணவரே ஒத்துக்கொண்டார். கெமராவை ஒரு ஸ்டாண்டில் பூட்டி, பட்டனை அமத்திவிட்டுக் கையை எடுத்தால் அது தானாகப் படம் எடுக்கும் என்று யோசனை சொன்னதும் அவர்தான்.

ஹமீட் ஆளுயர ஸ்டாண்ட் ஒன்றைத் தூக்கிவந்தான்.

"சவூதிச் சாமான் அக்கா. அசையாது."

"இதைச் சீலையில சுத்திக்கொண்டு நாங்க கல்லடிப் பாலம் தாண்டவா? துவக்கு இல்ல, கெமராக் கால்தானெண்டு ஆமிக்காரனுக்கு நீங்க வந்து சொல்லுவீங்களா தம்பி?"

ஹமீட் சிரித்துக்கொண்டே அதை உள்ளே போட்டுவிட்டு, மேசையில் வைக்கிற சின்ன ஸ்டாண்டுகள் மூன்றை எடுத்துவைத்தான். கைப்பைக்குள் அடங்குகிற அளவு.

முதலாவதற்கு வளைகிற கால். ஹமீட் கெமராவைப் பூட்டிக் கையை எடுத்தான். கால் மெல்ல மடங்கியது.

"இது கும்பிடு போடுது. எடுங்க அங்கால."

இரண்டாவதற்கு இரும்புக் கால். கண்ணாடி அலுமாரி மேல் கல்லுப்போல நின்றது.

"இதை நானே பூட்டிப் பாக்கிறன்."

கெமராவின் அடியில் இருந்த ஓட்டைக்கு நேரே ஸ்டாண்டின் திருகாணியைப் பிடித்தாள். வழுக்கியது. திரும்பப் பிடித்தாள். கோணலாக ஏறி மாட்டிக்கொண்டது.

"திருகாணிட மரை பிழை."

"புதுப்பெட்டி அக்கா, இப்பதான் உங்களுக்கு முன்னால உடைச்ச."

"புதுப்பெட்டிக்குள்ள பழைய சாமானைப் போட்டு அனுப்பியிருக்கிறான். பிழையெண்டா பிழை."

"ஓம் ஓம், மரை பிழைதான்," என்றார் வினாயகமூர்த்தி அவசரமாக.

மூன்றாவதைக் கையில் எடுப்பதற்குள் கடைக்குப் பின்னாலிருந்த வீட்டுத் திரை விலகியது. ஹமீட்டின் மனைவி பரீனா.

"என்ன அக்கா, கடையிலயே நிண்டுட்டுப் போகப் பாக்கிறீங்களா? உள்ளுக்கு வாங்க, தேத்தண்ணி ஊத்தி வெச்சிரிக்கன்."

கூப்பிட்டால் போகாமல் இருக்க முடியுமா? போனாள். புஸ்பத்தின் நாலு கண் கதையை அங்கேயும் ஒருதரம் சொன்னாள். பரீனா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

குடித்து முடித்துத் திரும்பி வந்தவள், திரையை விலக்கக் கை வைத்தபடி நின்றுவிட்டாள்.

கடையில் வினாயகமூர்த்தி இரும்புக்கால் ஸ்டாண்டைக் கையில் வைத்திருந்தார். கெமராவைத் தூக்கினார், ஒரு திருப்பு. பூட்டிவிட்டது. திருகாணியைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

"உங்கட சாமானில ஒரு பிழையும் இல்ல தம்பி. நடுக்கம் அவவுக்குத்தான். ஊரில எறிகணை விழுந்த கிழமையில இருந்து. அவ கவனிக்கல்ல. நானும் சொல்லல்ல."

"அப்ப அந்தத் தெளிவான படம் ரெண்டும்?"

"நான் எடுத்தது அது ரெண்டும்தான். நாலு பேருக்கு முன்னால அவவ ஒருத்தி குறை சொல்றதை என்னால பாத்துக்கொண்டு நிக்க ஏலாது. மூண்டாவதுக்குத் திருகாணித் தலை பெரிசுதானே? அதையே தாங்க. அவவால பூட்ட ஏலும். ஒண்டும் தெரிஞ்ச மாதிரிக் காட்டிக்கொள்ளாதீங்க."

அன்னப்பூரணி தன் கையிலிருந்த திரையைப் பார்த்தாள். அதன் ஓரம் ஆடிக்கொண்டிருந்தது. காற்றா என்று மேலே பார்த்தாள். காலையிலிருந்து கரண்ட் இல்லை. ஃபேன் அப்படியே நின்றது.

கையை எடுத்தாள். திரை நின்றது.

சீலைத் தலைப்பை இழுத்துச் சொருகிக்கொண்டு, தொண்டையைக் கனைத்துவிட்டுக் கடைக்குள் வந்தாள். குரலில் ஒரு மாற்றமும் இல்லை.

"ஹமீட், அந்தப் பெரிய தலைத் திருகாணி உள்ளதையே கட்டுங்க. இவருக்குக் கை நடுக்கம், பாவம். லேசாப் பூட்டக்கூடியதா இரிக்கட்டும்."

வினாயகமூர்த்தி ஸ்டாண்டைப் பார்த்தார். ஹமீட் வினாயகமூர்த்தியைப் பார்த்தான்.

"நடுக்கமெண்டு ஒதுங்கியிருந்தா அது கூடத்தான் செய்யும். பழக வேணும். நாளைக்குப் புஸ்பத்திட மகளை ஒரு படம் விடாம நீங்களே எடுங்க. நான் பக்கத்தில நிண்டு அந்தப் புள்ளையைக் கண்ணைத் திறந்து வெச்சிருக்கச் சொல்றன்."

ஹமீட் மூன்றாவது ஸ்டாண்டைப் பெட்டியில் போட்டுக் கட்டத் தொடங்கினான்.

"என்ன, காது கேக்கல்லயா? எடுப்பீங்கதானே?"